மழையில் கார் கண்ணாடியின் உள்ளே ஆவி படர்ந்ததற்குக் காரணம் புளிய இலை

ஐப்பசி மழையில் காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும்போதெல்லாம் ஒரே தொல்லை. திருமயம் கோட்டை வருவதற்குள் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படர்ந்து மூடிவிடும். துண்டால் துடைத்தால் எதிரே வரும் லாரி வெளிச்சம் கோடு கோடாகச் சிதறும். ரோட்டுப் பள்ளத்தில் தண்ணீர் நிற்பதே தெரியாது.

வைப்பர் ரப்பர் மாற்றினேன், வெளிப்பக்கம் மட்டும் தெளிந்தது. ஷாம்பு போட்டு உள்ளே துடைத்தேன், ஒரு நாள் தாங்கியது. ஏசியில் கேஸ் குறைவு என்றார் மெக்கானிக். நிரப்பியதில் காசு போனதுதான் மிச்சம்.

ஐந்தாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்த அப்பத்தா, "ஏப்பா, காலுக்கடியில சதசதன்னு இருக்கே" என்றார். கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் பஞ்சு முழுக்க ஈரம்! அதுதான் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது.

பானெட்டைத் திறந்தேன். கண்ணாடிக்குக் கீழே பிளாஸ்டிக் சல்லடை, அதனடியில் மழைநீர் வடியும் துளை. வண்டி நிற்பது புளியமரத்தடியில். வேப்பிலையென்றால் சல்லடைக்கு மேலேயே கிடக்கும். புளிய இலை பொடிசு, உள்ளே இறங்கி மக்கி, காபித்தூள் சக்கை மாதிரி துளையை அடைத்திருந்தது. வழியில்லாத தண்ணீர் ஏசி காற்றுப் பாதை வழியாக உள்ளே வந்திருக்கிறது.

கம்பி விடவில்லை, துளையிலுள்ள ரப்பர் கிழிந்துவிடும். விரலால் வழித்தெடுத்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். டயருக்குப் பின்னால் கொட்டியது. கார்ப்பெட் ஃபேனடியில் காய இரண்டு நாள். இப்போது மழையில் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்து, கண்ணாடிப் பக்கம் திருப்பினால் ஆவி நிற்பதில்லை. வண்டியையும் வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டேன்.