க்ராக்ஸ் வாங்கப் போகிறீர்களா? ஷூ வாங்குகிற மாதிரி வாங்காதீர்கள்

எந்த ஹாஸ்டல் வாசலைப் பார்த்தாலும் இப்போது மேலே ஓட்டை ஓட்டையாக இருக்கும் க்ராக்ஸ் செருப்புதான் குவிந்து கிடக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் இதைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுப் பக்கம் போனால் "ஆஸ்பத்திரியிலிருந்து நேரா வர்றியா?" என்று கேட்பார்கள். இன்றைக்குக் காலேஜ் பசங்க மாதாமாதம் காசு சேர்த்து, கலர் பார்த்து வாங்குகிறார்கள். எனக்கு இதில் நிஜமாகவே சந்தோஷம். மருந்துக்கடையில் தினமும் ஒன்பது மணி நேரம் நின்றே வேலை பார்க்கிறவன் நான், ராத்திரி வீட்டுக்கு வந்து காலை நீட்டும்போது குதிகால் வலி இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் புதிதாக வாங்குகிறவர்கள் நிறைய பேர் அளவில் தப்பு பண்ணிவிட்டு, ஒரே மாதத்தில் "இது எனக்கு ஒத்துக்கல" என்று தூக்கிப் போடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது எதற்காகப் பிறந்த செருப்பு என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த மூன்று நண்பர்கள் 2002-இல் ஃப்ளோரிடாவில் நடந்த படகுக் கண்காட்சியில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். படகில் நிற்கிறவனுக்கு வேண்டியது என்ன? கால் நனைந்தால் தண்ணீர் உடனே வடியணும், செருப்பு தண்ணீரைக் குடிச்சுக் கனக்கக் கூடாது, சட்டென்று கழற்றி மாட்ட வரணும். அதற்காகத்தான் அந்த ஓட்டைகள், அந்த அகலமான மூக்கு, லேசான நுரைப் பொருள். அசிங்கம் என்று ஊரே சிரித்ததும் இதையெல்லாம் பார்த்துத்தான். 2008-இல் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம், 2010-இல் டைம் பத்திரிகை மோசமான 50 கண்டுபிடிப்புகள் பட்டியலில் இதையும் சேர்த்தது. அப்புறம் 2017-இல் பலென்சியாகா என்ற பெரிய ஃபேஷன் கம்பெனி பாரிஸ் மேடையில் உயரமான அடிப்பாகம் வைத்த க்ராக்ஸை நடக்கவிட்டது, 2018-இல் பாடகர் போஸ்ட் மலோன் கூட்டு சேர்ந்து ஒரு ஜோடி கொண்டுவந்தார், லாக்டவுனில் எல்லாரும் வீட்டோடு இருந்தபோது காலுக்கு சுகம்தான் முக்கியம் என்றாகிவிட்டது. 2021-இல் கம்பெனியின் வருமானம் 230 கோடி டாலரைத் தாண்டியது. இத்தனைக்கும் அந்தச் சாதாரண ஓட்டை வைத்த கிளாசிக் மாடலின் வடிவம் பெரிதாக மாறவே இல்லை.

சரி, அளவுக்கு வருவோம், எல்லாமே இங்கேதான் இருக்கிறது. சாயங்காலம், கொஞ்சம் நடந்து கால் லேசாக உப்பின பிறகு அளவு எடுங்கள். சுவரோரமாக ஒரு பேப்பரைப் போட்டு, குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, நீளமான விரல் எதுவோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு காலும் ஒரே நீளம் இருக்காது, பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். அடுத்து எண். நம் ஊர்க் கடையில் ஆண்கள் "ஏழாம் நம்பர்" என்று கேட்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. க்ராக்ஸின் அடியில் இருப்பது அமெரிக்க அளவு, ஆண்களுக்கு எம், பெண்களுக்கு டபிள்யூ. நம்முடைய 7 அங்கே எம்8, அதே செருப்பு பெண்களுக்கு டபிள்யூ10. ஆன்லைனில் இதைக் கவனிக்காமல் ஆர்டர் போட்டுவிட்டுத்தான் பல பேர் திருப்பி அனுப்புகிறார்கள். பாதி அளவு பொதுவாகக் கிடைக்காது, இரண்டுக்கும் நடுவில் இருந்தால் கிளாசிக் மாடலில் பெரியதை எடுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது ஷூ மாதிரி கவ்விப் பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிளாசிக் மாடல் லூசாக இருக்கவே செய்யப்பட்டது. விரலுக்கு முன்னால் ஒரு சுண்டுவிரல் அகலம் இடம், குதிகாலுக்குப் பின்னால் கொஞ்சம் இடம், பக்கவாட்டில் எங்கேயும் அழுத்தக் கூடாது. பிடிமானம் பாதத்தின் மேல்பக்கத்திலும் உள்வளைவிலும்தான் கிடைக்க வேண்டும். இப்போது பின்வாரை முன்னால் தள்ளிவிட்டு, கடைக்குள்ளேயே பத்து அடி நடந்துவிட்டு, குனிந்து ஓட்டை வழியாக உங்கள் விரல்களைப் பாருங்கள். விரல்கள் மடங்கி, செருப்பு நழுவாமல் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறதா? அப்படியென்றால் அது உங்களுக்குப் பெரியது. அப்படியே நாள் முழுக்க நடந்தால் ராத்திரி கெண்டைக்கால் இழுக்கும். குதிகால் பின்விளிம்பில் ஏறி உட்கார்ந்தால் சின்னது. இந்த ஒரு சோதனையை மட்டும் விடாதீர்கள்.

பின்வாரைப் பற்றி: நின்று வேலை, வீடு, கடைத்தெரு வரை போய் வருவது என்றால் முன்னால் இருக்கட்டும். வேகமாக நடக்க, பஸ் பிடிக்க, மாடிப்படி இறங்க என்றால் பின்னால் இழுத்துவிடுங்கள், பசங்க இதைத்தான் "ஸ்போர்ட் மோட்" என்கிறார்கள். அதற்காக இதில் ஜாகிங் போகாதீர்கள்.

ஒரிஜினல் ஜோடிக்கு விலைச்சீட்டில் மூவாயிரத்துக்கு மேல் இருக்கும், நடைபாதைக் கடையில் அதே வடிவம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். மலிவானதைக் கேவலமாகச் சொல்ல மாட்டேன், தோட்டத்துக்கும் மழைக்கும் அது போதும். நாள் முழுக்க நிற்கப்போகிறீர்கள் என்றால் கட்டைவிரலால் குதிகால் பகுதியை அழுத்திப் பாருங்கள்: நல்லது மெதுவாக உள்ளே போய், மெதுவாக எழும்பி வரும். மட்டமானது ஒன்று கல் மாதிரி இருக்கும், இல்லை அழுத்தின குழி அப்படியே நிற்கும். இன்னொரு விஷயம், பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2023 நவம்பரில் திறந்த ஆலையில் க்ராக்ஸ் தயாராகிறது. நம் ஊர்ப் பெண்கள் வேலை பார்க்கும் இடம் அது, இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை.

ஓட்டையில் குத்துகிற பொம்மைகளுக்கு ஜிபிட்ஸ் என்று பெயர். 2005-இல் கொலராடோவில் ஒரு அம்மா தன் பிள்ளைகளின் க்ராக்ஸை அலங்கரிக்கப்போய் ஆரம்பித்த தொழில், அடுத்த வருடமே க்ராக்ஸ் கம்பெனி அதை ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. ஒரு செருப்பில் 13 ஓட்டை. எல்லாவற்றையும் அடைக்காதீர்கள், நம் வெயிலுக்குக் காற்று போக வழி வேண்டும். பின்பக்கக் குமிழைச் சாய்த்து ஒரு ஓரத்தை முதலில் நுழைத்து, பிறகு திருகித் தள்ளினால் சுலபமாகப் போகும். பெருவிரல் மூட்டுக்கு நேர்மேலே மட்டும் வேண்டாம், உள்குமிழ் உரசித் தோல் சிவந்துவிடும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் குத்தவே குத்தாதீர்கள், பிடுங்கி வாயில் போட்டுவிடும். கோயில் வாசலில் இருபது கறுப்பு ஜோடிக்கு நடுவில் உங்களுடையதை அடையாளம் காண ஒரே ஒரு பொம்மை போதும்.

எங்கே போடக் கூடாது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எஸ்கலேட்டரில் கவனம். இந்த மெத்தென்ற பொருள் பக்கச் சுவரில் உரசினால் அப்படியே ஒட்டிக்கொண்டு இழுபடும், குழந்தைகளின் விரல் மாட்டிக் காயமான சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன, 2008-இல் ஜப்பான் அரசே வடிவத்தை மாற்றச் சொல்லிக் கம்பெனியைக் கேட்டது. மாலிலோ மெட்ரோவிலோ படியின் நடுவில் நில்லுங்கள், சின்னப் பிள்ளை என்றால் தூக்கிக்கொள்ளுங்கள். பைக் ஓட்டும்போது வேண்டாம். லேபிலும் ஆபரேஷன் தியேட்டர் பக்கமும் ஓட்டை வைத்ததே வேண்டாம், ஊசியோ அமிலமோ விழுந்தால் நேராகக் காலில்தான். அதற்கென்று மேல்பக்கம் மூடிய மாடல்கள் இருக்கின்றன. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் "மெத்தென்று இருக்கே" என்று தாங்களாக இதற்கு மாறக் கூடாது. உள்ளே ஒரு கல் புகுந்தால்கூட அவர்களுக்குத் தெரியாது. டாக்டர் எழுதிக்கொடுத்த எம்சிஆர் செருப்பு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) வேறு, இது வேறு. என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் தினமும் சொல்வது இது.

பராமரிப்பில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று, சூடு. போன மே மாதம் என் தங்கை தன் ஜோடியைக் கழுவி மொட்டை மாடியில் வைத்துவிட்டு மறந்துவிட்டாள், மாலையில் எடுத்தால் இரண்டு அளவு சுருங்கி, மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. வெந்நீரில் முக்கி, தடிமனான சாக்ஸோடு போட்டு ஆறவிட்டதில் கொஞ்சம் விரிந்தது, பழையபடி வரவில்லை. வெயிலில் நிறுத்தின காருக்குள் விட்டாலும் இதே கதிதான். பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய டூத் பிரஷ், நிழலில் காய வைப்பது, இவ்வளவு போதும். கால் வியர்த்து வழுக்கினால் மெல்லிய காட்டன் சாக்ஸ் போடுங்கள், இப்போது அதுவும் ஸ்டைல்தான். தொடர்ந்து வெயிலில் அலைந்தால் ஓட்டை இருக்கும் இடமெல்லாம் பாதத்தில் புள்ளி புள்ளியாகக் கறுக்கும், சாக்ஸ் அதற்கும் உதவும்.

மாதம் ஒருமுறை திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். குதிகால் பக்கமும் பெருவிரலுக்கு அடியிலும் கோடுகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பழசாகிவிட்டதே என்று அதைப் பாத்ரூமுக்குத் தள்ளாதீர்கள், ஈர டைல்ஸில் தேய்ந்த க்ராக்ஸ் சறுக்கிவிடும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற, மாடியில் துணி காயப்போட என்று காய்ந்த தரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.