திமிர் என்று நினைப்பது மனச்சோர்வாக இருக்கலாம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழும் ஒருவர்தான் நம் நினைவுக்கு வருவார். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அது பல நேரம் கோபமாக வெளிப்படும். சாப்பிடக் கூப்பிட்டால் கத்துவான். தங்கை சிரித்தாலும் எரிந்து விழுவான். அறைக் கதவு ஓங்கிச் சாத்தப்படும். இந்த வயதினருக்குச் சோகம் இல்லாமல் விடாத எரிச்சல் மட்டும் இருந்தாலும் அதை மனச்சோர்வின் முதன்மை அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம் என்று மனநல மருத்துவத்தின் வரையறையே சொல்கிறது. வீட்டில் அதற்கு நாம் வைக்கும் பெயர் திமிர். அந்தப் பெயரை வைத்துவிட்டால் அப்புறம் செய்வதெல்லாம் கண்டிப்புதான். கண்டிக்கக் கண்டிக்கப் பிள்ளை இன்னும் ஒடுங்கிப்போகும்.

அந்த வயசுக்கே உரிய கோபத்தையும் இதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நாட்களைக் கணக்கிடுங்கள். மார்க் குறைந்தது, நண்பனோடு சண்டை என்று வரும் வாட்டம், பிடித்த ஒன்று எதிரே வந்ததும் சில நாளில் விலகிவிடும். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட நாள் முழுக்க நீடிக்கும். அதைவிட முக்கியம், பிடித்ததே பிடிக்காமல் போவது. மாலையானால் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் மைதானத்துப் பக்கமே போவதில்லை. மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போட்டவள் கோலப்பொடியைத் தொடுவதில்லை. மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

உடம்பும் பேசும். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, ஓயாத தலைவலி, எப்போதும் அசதி. ஸ்கேன் எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்ததும் ‘ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறாள்’ என்ற முடிவுக்குப் போய்விடுகிறோம். அந்த வலி உண்மையானது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்றவையும் இதே அசதியைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்வது நல்லதே. அதில் எல்லாம் சரியாக இருந்தால், அடுத்து மனதைப் பற்றிக் கேட்க வேண்டும். காலையில் லேட்டாக எழுவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். வளரிளம் பருவத்தில் தூக்கம் வரும் நேரமே இயற்கையாகத் தள்ளிப்போகும். நள்ளிரவுக்குப் பின் விழித்து மறுபடி தூங்க முடியாமல் கிடப்பதும், பகலெல்லாம் படுத்தே இருப்பதும்தான் கவனிக்க வேண்டியவை.

அதிகம் காயப்படுத்துவது நம் பேச்சு. ‘உனக்கு என்ன குறை வச்சோம்? உன் வயசுல நாங்க ஒரு வேளை சாப்பாட்டுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா?’ சொல்பவர் அன்பில்தான் சொல்கிறார். ஆனால் மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை, தான் வீட்டுக்கே பாரம் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும். இந்தக் கேள்வி அந்த நம்பிக்கைக்கு முத்திரை குத்திவிடுகிறது. மாமா மகளின் நீட் மதிப்பெண்ணை இழுப்பதும் அப்படியே. ‘மனசைத் தைரியமா வச்சுக்கோ’ என்பதும் உதவாது. தைரியம் இல்லாமல் வந்த நோய் இல்லை இது.

கண்ணில் பட்டதை அப்படியே சொல்லுங்கள். ‘கொஞ்ச நாளா நீ சரியாச் சாப்பிடல, ராத்திரி முழிச்சிருக்க. உன்மேல கோபம் இல்லப்பா. சொல்லணும்னு தோணுறப்ப சொல்லு, நான் கேட்டுக்கிறேன்.’ சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். எதிரே உட்காரவைத்து விசாரித்தால் வாய் திறக்காத பிள்ளை, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, வெங்காயம் உரிக்கும்போது திறக்கும். திறந்த உடனே புத்திமதி ஆரம்பித்துவிடாதீர்கள். கேட்டதை அன்று இரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ பெரியம்மாவிடமோ போட்டுவிட்டால் மறுபடி ஒரு வார்த்தை வராது.

‘எல்லாம் இந்தப் போனால வந்தது’ என்று பிடுங்கிப் பீரோவில் பூட்டுவதும் அவசர வேலை. இரவில் வீட்டில் எல்லோருடைய போனும் கூடத்தில் இருக்கட்டும் என்பது நல்ல ஏற்பாடு. முழுதாகப் பிடுங்கினால், அந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒரே தோழியையும் சேர்த்துப் பிடுங்கியதாகிவிடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கேட்கப் பயப்படுவது. ‘சாகலாம்னு தோணுதா?’ என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டால் பெரும்பாலும் பிள்ளைக்குப் பாரம்தான் இறங்கும். ‘நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி’ என்பது போன்ற பேச்சு, பிடித்த பொருட்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுப்பது, கையில் காயங்கள் தென்பட்டால் அன்றே கேளுங்கள். ‘சும்மா மிரட்டுறா’ என்று தள்ளாதீர்கள். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் கத்தவோ, தலையில் அடித்துச் சத்தியம் வாங்கவோ வேண்டாம். தனியே விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் கைக்கு எட்டாதபடி பூட்டுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதில் தவறில்லை. ஏழரைச் சனி முடியட்டும் என்று மாதங்களைக் கடத்துவதுதான் தவறு. ‘பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்’ என்று காத்திருப்பதும் அதே வகைதான். படித்தது மண்டையில் ஏறாததே இந்த நோயின் ஒரு அறிகுறி. தேர்வை விட்டாலும் துணைத்தேர்வு இருக்கிறது.

லேசான நிலையில் பேச்சுவழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். நிலைமை கடுமையானால் மருந்தும் சேரும். ‘தூக்க மாத்திரை கொடுத்துப் பழக்கிடுவாங்க’ என்ற பயம் தேவையில்லை. மனச்சோர்வுக்கான மருந்துகள் போதைபோல அடிமையாக்குவதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் ‘ஒண்ணும் கேக்கல’ என்று நிறுத்துவதும், கொஞ்சம் தெளிந்ததும் நாமாக நிறுத்துவதும் நோயைத் திரும்ப அழைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் சில இளையோருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்தது. மருந்தைத் தவிர்ப்பதற்கு இது காரணமாகாது. அந்த நாட்களில் பக்கத்திலேயே இருங்கள், மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022இல் தொடங்கிய டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். ‘நான் என்ன பைத்தியமா?’ என்று பிள்ளை வர மறுத்தால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் நீங்களே அந்த எண்ணுக்குப் பேசி, அடுத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.