சப்ளையர் பில்லில் விவரம் குறைகிறதா? ஐடிசி எடுக்கும் வழி

ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), ஹவுஸ்கீப்பிங், கூரியர், செக்யூரிட்டி என்று சேவை பில்கள்தான் எங்கள் கோவைப் பட்டறையில் அதிகம் தலைவலி தருபவை. சரக்கு பில்லாவது இ-வே பில்லோடு ஒழுங்காக வந்துவிடும். சேவை பில்லில் ஒன்றில் எஸ்ஏசி கோடு (சேவையின் வகையைக் குறிக்கும் எண்) இருக்காது, ஒன்றில் கையெழுத்து இருக்காது, ஒன்றில் நம் ஜிஎஸ்டி எண்ணே இருக்காது. ஐடிசி, அதாவது சப்ளையருக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் வரவு, எடுக்க இவற்றில் எதைத் துரத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம். ஜிஎஸ்டிஆர்-2பி (நமக்குக் கிடைக்கும் வரவுகளை ஜிஎஸ்டி போர்ட்டல் காட்டும் பட்டியல்) இறக்கவும் 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) போடவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பில்லில் எது இல்லை என்று பாருங்கள்

ஒரு பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) விதி 46 நீளமாகப் பட்டியல் போடுகிறது. ஆனால் அத்தனையும் இருந்தால்தான் ஐடிசி என்பதில்லை. 2018 செப்டம்பரில் விதி 36(2)-இல் ஒரு சலுகை சேர்த்தார்கள். வரித்தொகை, சேவையின் விவரம், மொத்த மதிப்பு, சப்ளையரின் ஜிஎஸ்டி எண், நம் ஜிஎஸ்டி எண், வெளிமாநில சப்ளை என்றால் பிளேஸ் ஆஃப் சப்ளை (சட்டப்படி சப்ளை எந்த மாநிலத்தில் நடந்ததாகக் கருதப்படுகிறதோ அது). இவை இருந்தால் மற்றவை விட்டுப்போன பில்லுக்கும் வரவு எடுக்கலாம்.

ஜிஎஸ்டிக்கு முந்தைய சேவை வரிக் காலத்தில் இந்த நிம்மதி கிடையாது. வரி வரவுக்கான அன்றைய சென்வாட் கிரெடிட் விதிகள் 2004-இன் 9(2)-இலும் இதே மாதிரி சலுகை இருந்தது. ஆனால் சேவை வந்து சேர்ந்தது, கணக்கில் ஏறியது என்று உதவி ஆணையரோ துணை ஆணையரோ திருப்தி அடைய வேண்டியிருந்தது. இப்போது அந்தப் படியேறும் வேலை இல்லை.

ஆக, எஸ்ஏசி கோடு இல்லை, முகவரியில் பின்கோடு தப்பு, கையெழுத்து இல்லை என்றால் அந்த மாதம் வரவு எடுத்துவிட்டு, அடுத்த பில்லில் திருத்தச் சொன்னால் போதும். பில் எண்ணும் தேதியும் இந்தச் சலுகைப் பட்டியலில் இல்லைதான். ஆனால் அவை இல்லாமல் 2பி-யில் பில்லைத் தேடிப் பிடிக்க முடியாது, அதனால் அவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 2: நம் ஜிஎஸ்டி எண் இல்லை என்றால்

பலர் செய்வது: சப்ளையருக்கு போன் போட்டு ‘பில்லில் எங்கள் நம்பர் இல்லை’ என்பார்கள். பத்து நிமிடத்தில் எண்ணைச் சேர்த்துப் புது பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஃபைலில் வைத்துவிட்டு வரவும் எடுத்துவிடுவார்கள்.

அந்த பிடிஎஃப் போதாது. 2022 ஜனவரி 1 முதல் சிஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 16(2)(ஏஏ) அமலில் இருக்கிறது. சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1-இல் (விற்பனை ரிட்டர்ன்) ஏற்றி, அது நம் 2பி-யில் வந்தால்தான் வரவு. எண் இல்லாத பில்லை அவருடைய அக்கவுண்டன்ட் பெரும்பாலும் பி2சி-யில் (பதிவு பெறாதவர்களுக்கான விற்பனையில்) போட்டிருப்பார். தாளைத் திருத்தினாலும் போர்ட்டலில் அது அங்கேயேதான் கிடக்கும்.

அதனால் முதலாளியிடம் பேசாமல் அக்கவுண்டன்ட்டைப் பிடியுங்கள். நான் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்:

‘அண்ணா, பில் எண் 214, மதிப்பு 20,000, வரி 3,600. இது உங்கள் ஜிஎஸ்டிஆர்-1-இல் பி2சி-யில் போயிருக்கிறது. அடுத்த ரிட்டர்னில் டேபிள் 10-இல் அந்த மாதத் தொகையைக் குறைத்துவிட்டு, டேபிள் 4-இல் எங்கள் எண்ணோடு இந்த பில்லை ஏற்றிவிடுங்கள்.’

டேபிள் 10 பழைய பி2சி தொகையைத் திருத்த, டேபிள் 4 பதிவு பெற்றவர்களுக்கான பில்லுக்கு. இப்படி டேபிள் எண்ணோடு கேட்டால் வேலை நடக்கிறது. எண் விட்டுப்போகாமல் வேறொருவர் எண் விழுந்திருந்தால் டேபிள் 9ஏ-இல் திருத்த வேண்டும்.

2பி-யில் வரும்வரை அந்த 3,600-ஐ டாலி கணக்கு சாஃப்ட்வேரில் ‘ஐடிசி நிலுவை’ என்று தனி லெட்ஜரில் வையுங்கள். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-தான் கடைசி. அதற்குள் ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அதோடு சரி. செப்டம்பரிலேயே இந்த லெட்ஜரை ஒருமுறை புரட்டுவது நல்லது.

படி 3: பிளேஸ் ஆஃப் சப்ளை

என்னை அதிகம் குழப்பியது இதுதான். பெங்களூருக்கு வேலையாகப் போய் ஓட்டலில் தங்குகிறோம். பில்லில் நம் பெயர், 33-இல் (தமிழ்நாடு) தொடங்கும் நம் எண், ஓட்டலின் 29-இல் (கர்நாடகம்) தொடங்கும் எண், வரித்தொகை எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் வரவு கிடையாது. ஓட்டல் அறைக்கு, கட்டடம் இருக்கும் மாநிலம்தான் பிளேஸ் ஆஃப் சப்ளை. போட்டது கர்நாடக எஸ்ஜிஎஸ்டியும் (மாநில ஜிஎஸ்டி) அதற்கு இணையான சிஜிஎஸ்டியும். கர்நாடகத்தில் நமக்குப் பதிவு இல்லை. 2பி-யில் இது வரவு கிடைக்காத பகுதியில் வந்து நிற்கும். 3பி-யில் 4(டி)(2)-இல் காட்டிவிட்டுச் செலவில் எழுதுங்கள்.

அதே பெங்களூர்க்காரர் சாஃப்ட்வேர் ஏஎம்சிக்கு பில் போட்டால் கதை வேறு. நாம் பதிவு பெற்றவர் என்பதால் பிளேஸ் ஆஃப் சப்ளை தமிழ்நாடு, வரி ஐஜிஎஸ்டி (வெளிமாநில சப்ளைக்கான ஜிஎஸ்டி). நம் எண்ணைக் கொடுக்காமல் விட்டால் அவருடைய பில்லிங் சாஃப்ட்வேர் உள்ளூர் ஆள் என்று நினைத்து சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டுவிடும். இதை 36(2) காப்பாற்றாது. விவரம் விட்டுப்போனதாக இல்லாமல் வரியே மாறிப்போனதால், சப்ளையர் திருத்தித்தான் ஆக வேண்டும்.

படி 4: ஒப்பிடுதல்

டாலி பிரைமில் 2பி ஒப்பீடு இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் மாதம் நூறு, இருநூறு பில் என்றால் என் ஓட்டு எக்செல்லுக்குத்தான். சப்ளையர் எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டி ஒரு பத்தி, அதன்மேல் எக்ஸ்லுக்அப். ஒட்டுவதற்கு முன் பில் எண்ணின் முன்னால் வரும் பூஜ்யங்களை நீக்குங்கள். நாம் ‘214’ என்று பதிந்ததை அவர் ‘0214’ என்று ஏற்றியிருப்பார், இரண்டும் பொருந்தாது.

போர்ட்டலில் 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ்-இல் (சப்ளையர் ஏற்றிய பில்லை ஏற்கவோ மறுக்கவோ உள்ள வசதி) ரிஜெக்ட் பட்டனில் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். எஸ்ஏசி இல்லை என்பதற்காக ரிஜெக்ட் செய்தால், கிடைக்க வேண்டிய வரவும் 2பி-யிலிருந்து போய்விடும்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டதால்)

‘செக்யூரிட்டி பில்லில் வரித்தொகையே இல்லை’ என்று ஒருவர் கேட்டார். ஏஜென்சி கம்பெனியாக இல்லாமல் தனிநபருடையதாக இருந்தால், அது விட்டுப்போன விவரமே அல்ல, ரிவர்ஸ் சார்ஜ் (சப்ளையருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டுவது). 3பி-யில் 3.1(டி)-இல் காட்டி, கேஷ் லெட்ஜரிலிருந்து நாமே வரி கட்டிவிட்டு 4(ஏ)(3)-இல் வரவு எடுக்க வேண்டும். ஏஜென்சி காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) இருந்தாலும் இதே ரிவர்ஸ் சார்ஜ்தான்.

இன்னொருவர் கேட்டது ஐஆர்என் (இ-இன்வாய்ஸைப் போர்ட்டலில் பதிந்ததும் கிடைக்கும் எண்) பற்றி. 2017-18 முதல் எந்த ஆண்டிலாவது விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய சப்ளையர் இ-இன்வாய்ஸ் போட வேண்டும் (வங்கி, இன்சூரன்ஸ் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு). போட வேண்டியவர் ஐஆர்என் இல்லாமல் தந்தால், விதி 48(5)-இன்படி அந்தத் தாள் இன்வாய்ஸாகவே கருதப்படாது. சலுகையைக் காட்டி இதைத் தாண்ட முடியாது. இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் சப்ளையரின் எண்ணைப் போட்டால் அவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று காட்டும். புது சப்ளையர் என்றால் முதல் பில்லுக்குப் பணம் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். பணம் போன பிறகு ஐஆர்என் கேட்டு வாங்குவது பெரும்பாடு.