மார்கழியில் செஸ் போட்டி: தேதி குறிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மாவட்ட அளவில் செஸ் போட்டி நடத்துகிறவர்களுக்கு டிசம்பரும் ஜனவரியும் ஆசை காட்டும் மாதங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். வெயிலும் இல்லை. இத்தனை வசதி இருந்தும், கடைசி நேரத்தில் தேதி மாறுவதும் பாதி போர்டுகள் காலியாக இருப்பதும் இந்த மாதங்களில்தான் அதிகம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள், ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை.

போன வருட சர்க்குலரை (போட்டி அறிவிப்பை) எடுத்துத் தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னே பின்னே தள்ளி வெளியிடுவது முதல் தவறு. பொங்கல் ஜனவரி 14, 15-ஐத் தாண்டி நகராது, கிறிஸ்துமஸ் நகரவே நகராது. மற்றவை எல்லாம் நகரும். திருவண்ணாமலை கார்த்திகை தீபம் 2023-இல் நவம்பர் 26, 2024-இல் டிசம்பர் 13, 2025-இல் டிசம்பர் 3. வைகுண்ட ஏகாதசி இதைவிடக் குழப்பும். 2023-இல் இரண்டு முறை வந்தது, 2024-இல் வரவே இல்லை, 2025-இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று மறுபடி இரண்டு. போதாததற்கு, 2021-இல் ஸ்ரீரங்கத்தில் டிசம்பர் 14 அன்றே பரமபத வாசல் திறந்துவிட்டார்கள்; மற்ற பல கோயில்களில் அது 2022 ஜனவரி 13. ஆகவே திருச்சியில் போட்டி என்றால் பொதுவான காலண்டர் போதாது, ஸ்ரீரங்கம் கோயில் அறிவிப்பையே பார்க்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல் உள்ளூர் விடுமுறை. கோயில் திருவிழாவுக்காக மாவட்ட ஆட்சியர் ஒரு நாள் விடுமுறை விடுவார். அன்றைக்குப் போட்டி வைத்தால் கூட்டம் வரும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். விடுமுறை விட்டதே திருவிழாவுக்குப் போகத்தானே! அதைவிட முக்கியம், அந்த விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக அறிவிப்பார்கள். மழைக்கு விட்ட விடுமுறையையும் பள்ளிகள் சனிக்கிழமைகளில்தான் ஈடுகட்டும். சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் போட்டி அறிவித்துவிட்டு, சனிக்கிழமை காலை முதல் ரவுண்டில் ‘பையனுக்கு ஸ்கூல் இருக்கு சார், மத்தியானம் வரலாமா?’ என்ற போன் வரிசையாக வருவது இதனால்தான். முதல் ஒன்றிரண்டு ரவுண்டுகளுக்கு முன்கூட்டியே கேட்டால் அரைப்புள்ளி பை (அந்த ரவுண்டை ஆடாமலே அரைப்புள்ளி) உண்டு என்று சர்க்குலரிலேயே எழுதிவிட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும். எழுதாமல் அன்றைக்குச் சிலருக்கு மட்டும் கொடுத்தால் சண்டைதான்.

திருவிழாவைத் தவிர்த்தாயிற்று என்று நிம்மதி அடைகிறவர்கள் வழியை மறந்துவிடுகிறார்கள். தீபத்தன்று திருவண்ணாமலையில் வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடும். தைப்பூசத்துக்குப் பல நாள் முன்பிருந்தே பழனி சாலைகளில் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும். ஒட்டன்சத்திரத்தில் நடக்கும் போட்டிக்கும் அது உறைக்கும். சபரிமலை சீசனில் வேன் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வாடகை எகிறியிருக்கும். ஓர் அகாடமி பத்துப் பிள்ளைகளைக் கூட்டி வருவது வேனில்தான், அது இல்லையென்றால் பத்து என்ட்ரி போச்சு. ரயிலில் வருகிறவர்களுக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120 நாள்). பொங்கலை ஒட்டிய டிக்கெட்டுகள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மாநில அளவிலான ஓபன் போட்டிக்கு நாற்பது நாளுக்கு முன் சர்க்குலர் விட்டு என்ன பயன்?

அப்புறம் மழை. தீபாவளியோடு மழை முடிந்துவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் போல. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை உண்டு. 2023 டிசம்பர் 3, சென்னையை மிக்ஜாம் புயல் மழை நனைக்கத் தொடங்கிய நாள், ஞாயிற்றுக்கிழமை. அதே மாதம் 17, தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் மூழ்கத் தொடங்கிய நாள், அதுவும் ஞாயிறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது நவம்பர் 30, சனிக்கிழமை. கடலோர மாவட்டத்தில் இந்த வாரங்களில் போட்டி வைப்பவர் மாற்றுத் தேதி ஒன்றை முதல் நாளே சர்க்குலரில் போட வேண்டும். மண்டபத்துக்காரரிடமும் அதைப் பேசி முன்பணத்தோடு சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பள்ளியில் நடத்தினால், மழை விடுமுறை அறிவிப்பு வந்ததும் கேட்டைத் திறக்க மாட்டார்கள். அந்த அறிவிப்பு பல சமயம் காலையில்தான் வரும்.

சரி, கிறிஸ்துமஸ் வாரம். அரையாண்டு விடுமுறை ஏறக்குறைய டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை. ஒன்பது ரவுண்ட் கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்டம்) போட்டியை நாளுக்கு இரண்டு ரவுண்டாக நடத்தினால் ஐந்து நாள் ஆகும். 26-இல் தொடங்கி 30-இல் முடிப்பதே உத்தமம். 25-ஆம் தேதியிலேயே ஆரம்பிக்கலாமே, அன்று எல்லோருக்கும் லீவுதானே என்று கேட்பவர்கள் நாகர்கோவிலிலோ தூத்துக்குடியிலோ ஒரு கிறிஸ்துமஸைப் பார்த்ததில்லை. ஜனவரி 1 காலை ஒன்பது மணிக்கு ரவுண்ட் வைப்பதும் இதே ரகம். 31 இரவு தேவாலய ஆராதனைக்குப் போய் ஒரு மணிக்கு மேல் தூங்கிய பிள்ளை போர்டில் கொட்டாவி விடும். ஆர்பிட்டர்களையும் (போட்டி நடுவர்களையும்) கேளுங்கள், அவர்களுக்கும் பண்டிகை உண்டு.

சத்தத்தை யாரும் யோசிப்பதே இல்லை, எனக்குத் தெரிந்து அதிகம் கெடுப்பது அதுதான். பத்து மணிக்கு மண்டபத்தைப் பார்க்கப் போனால் ஊசி விழுந்தால் கேட்கும். போட்டியன்று பக்கத்துத் தெருவில் ஐயப்ப பூஜை, கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர், மத்தியானம் அன்னதானம், சாயங்காலம் பஜனை. பதினைந்து நிமிட ரேபிட் ஆட்டத்தில் கடைசி ஒரு நிமிடத்தை அந்தச் சத்தத்தில் ஆடச் சொன்னால் பெரியவர்களே தடுமாறுவார்கள். அதற்காக பூஜைக்காரர்களிடம் போய் நிறுத்தச் சொல்ல முடியுமா? மண்டபம் பார்க்கும்போதே காவலாளியிடமும் எதிர்க் கடைக்காரரிடமும் அந்தத் தேதியில் தெருவில் என்ன விசேஷம் என்று கேட்டுவிடுங்கள். மேனேஜரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பொங்கல் மூன்று நாளும் ரேட்டிங் போட்டி (முடிவு ஆட்டக்காரரின் தரப்புள்ளியில் சேரும் போட்டி) வைக்காதீர்கள், அவ்வளவுதான். மதுரைப் பக்கம் பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு; ஆள் கிடைக்காது, போலீஸ் அனுமதிக்கும் அலைய வேண்டும். ஆனால் ஊர் இளைஞர் மன்றம் கோலப்போட்டி, உறியடியோடு ரேட்டிங் இல்லாத ஐந்து ரவுண்ட் செஸ் ஒன்றையும் சேர்த்தால் பிரமாதமாக நடக்கும். ஊருக்கு வந்திருக்கும் மாமா, சித்தப்பா எல்லாம் உட்கார்ந்து ஆடுவார்கள். செய்யக்கூடாதது ஒன்று: பரிசளிப்பை விழா மேடையோடு இணைப்பது. ஐந்து மணிக்கு முடிந்த செஸ்ஸுக்கு, சிறப்பு விருந்தினர் வரும் ஒன்பது மணி வரை பிள்ளைகள் பனியில் காத்திருப்பார்கள்.

கடைசியாக, தேதியோடு வரும் ஒரு சின்னத் தவறு. வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுவதால், 2025 டிசம்பர் போட்டியில் 13 வயதுக்கு உட்பட்டோர் என்றால் 2012-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். அதையே மழைக்காக 2026 ஜனவரிக்குத் தள்ளினால் அது 2013 ஆகிவிடும், என்ட்ரி கட்டிய சில பிள்ளைகள் பிரிவை விட்டே வெளியே போய்விடுவார்கள். மாற்றுத் தேதி புத்தாண்டைத் தாண்டுமானால் எந்த வருடக் கணக்கு செல்லும் என்பதைச் செஸ் சங்கத்திடம் முன்பே கேட்டு, சர்க்குலரில் பிறந்த வருடத்தையே அச்சிட்டுவிடுங்கள்.