சாப் 900 டர்போவில் பூஸ்ட் ஏறவில்லையா?

பழைய சாப் 900 டர்போ காரில் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறாமல் இழுவை குறைந்தால் உடனே டர்போவைக் கழற்றக் கிளம்பாதீர்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த ஏபிசி (APC, பெட்ரோலுக்கு ஏற்ப பூஸ்ட்டைத் தானே கட்டுப்படுத்தும்) அமைப்புள்ள வண்டி என்றால், பெட்ரோலே காரணமாக இருக்கலாம். இன்ஜின் பிளாக்கில் உள்ள நாக் சென்சார், பெட்ரோல் தாறுமாறாக எரிவதால் வரும் 'டக டக' அதிர்வை (நாக்) உணர்ந்ததும், சோலனாய்டு என்ற மின் வால்வு வழியாக வேஸ்ட்கேட் (புகை டர்போவுக்குப் போகாமல் விலகிச் செல்ல விடும் கதவு) திறந்து பூஸ்ட் இறங்கும். இன்ஜின் தப்பிக்கும், வேகம் போகும். அதனால் முதலில் ஆக்டேன் கூடிய, எளிதில் நாக் ஆகாத பெட்ரோல் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

அப்படியும் ஏறவில்லையா? சோலனாய்டின் மின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அப்போது அடிப்படை பூஸ்ட் மட்டுமே கிடைக்கும். மாட்டினாலும் கழற்றினாலும் பூஸ்ட் மீட்டரின் முள் ஒரே இடத்தில் நின்றால், ஏபிசி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பிளக்கின் முனைகளில் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள், பல நேரம் அவ்வளவுதான்.

சோலனாய்டில் இருக்கும் மூன்று ரப்பர் குழாய்களையும் கழற்றுமுன் அடையாளம் போட்டுவிடுங்கள். வேஸ்ட்கேட்டுக்குப் போகும் குழாய் விரிசல் விட்டிருந்தால் பூஸ்ட் குறையாது, கட்டுமீறி ஏறும். அது தெரிந்தால் மாற்றும்வரை ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கவே கூடாது.