கால் வீக்கம்: கிட்னி இல்லை, மாத்திரை

பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. போதாமல் 10 ஆக்கிய பிறகு, சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்கின. சாக்ஸின் எலாஸ்டிக் பதிந்த பள்ளம் படுக்கும்வரை மறையாது. கிட்னி போச்சு என்றே பயந்தேன். உப்பைக் குறைத்துப் பார்த்தேன், பலனில்லை. கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எல்லாம் நார்மல். நீர் பிரியக் கொடுத்த மாத்திரையால் பாத்ரூமுக்கு அலைந்ததுதான் மிச்சம்.

வேறு டாக்டரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது எடையை. வீக்கம் இருந்தும் எடை ஏறவே இல்லை! உடம்பில் நீர் சேரவில்லை, அம்லோடிபின் சின்னத் தமனிகளை விரிப்பதால் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காலில் இறங்குகிறது என்றார். அம்லோடிபினைப் பழையபடி 5க்கு இறக்கி, டெல்மிசார்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரை 40 மி.கி. சேர்த்தார். கொஞ்ச நாளில் பள்ளம் காணோம். பிரஷரும் 130/80க்குக் கீழே நிற்கிறது.