சாவியும் வெயிலும்: செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுக்கும் தனித்தொழில் புகைப்படக்காரருக்கு

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டைப் படமெடுக்கப் புறப்படுகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது, அந்த வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். கேமராவும் லென்ஸும் அதற்குப் பிறகு வருபவை. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் வீடு பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதில்லை. கட்டியவரின் பேரன், கொள்ளுப்பேரன் வழியாகப் பங்கு பிரிந்து வந்திருக்கும். பங்காளிகளில் ஒருவர் சென்னையிலும், ஒருவர் கோலாலம்பூரிலும், இன்னொருவர் பக்கத்துத் தெருவிலும் இருப்பார். வீட்டின் நடுமுற்றமான வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கு, உரியது. முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. ஆகவே ஒரு பங்காளி “தாராளமா எடுத்துக்கங்க” என்று சொன்னதை மட்டும் நம்பி உள்ளே போய், மறுநாள் இன்னொருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வாங்கியவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரரிடம் முதலில் பேச வேண்டும். யாருடைய சொல்லுக்கு மற்றப் பங்காளிகள் கட்டுப்படுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெரியவரைக் கேமரா இல்லாமல் ஒரு முறை நேரில் பார்த்து, படம் எதற்காக, எங்கே வெளியாகும், எந்தெந்தப் பகுதிகளை எடுக்கப் போகிறோம் என்பதைச் சொல்லி, ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிய ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பூட்டிய அறைகளும் சாமி அறையும் எடுக்கப்பட மாட்டா என்ற வரி அந்தக் கடிதத்தில் கட்டாயம் இருக்கட்டும். பாதித் தயக்கம் அந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும். வீட்டில் ஆச்சி யாராவது குடியிருந்தால், அவரிடம் தனியாகச் சொல்லாமல் வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. சமையல்கட்டும் அதைச் சேர்ந்த தாழ்வாரமும் பழைய வழக்கப்படி பெண்களின் புழக்கத்துக்குரியவை. அனுமதி கொடுத்தவர் ஆணாக இருந்தாலும் அந்த இடத்துக்கு அவருடைய சொல் போதாது.

அடுத்தது வெயில். செட்டிநாட்டு வீட்டுக்கு ஒளி பக்கத்திலிருந்து வருவதில்லை, மேலிருந்து வருகிறது. நடுவில் வானம் திறந்த வளவு. அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். அதற்கும் பின்னால் இருண்ட அறைகள். கண்ணுக்கு இதமாகத் தெரியும் இந்த ஏற்றத்தாழ்வைக் கேமராவின் சென்சார் தாங்காது. வளவுத் தரைக்கு எக்ஸ்போஷர் (ஒளியின் அளவு) வைத்தால் தேக்குத் தூண்கள் கரியாகின்றன, தூண்களுக்கு வைத்தால் வளவு வெளுத்துப்போகிறது. முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8 என்று வைத்து, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, இரண்டு ஸ்டாப் (ஒளியை இரட்டிப்பதோ பாதியாக்குவதோ ஒரு ஸ்டாப்) குறைவாக ஒன்று, சரியாக ஒன்று, இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒன்று என மூன்று படங்களை, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்துப் பிறகு இணைப்பதே நம்பகமான முறை. இணைக்கும்போது இருட்டை முழுவதும் விரட்டிவிடக் கூடாது. அந்த அறைகள் இருட்டாகவே கட்டப்பட்டவை. அங்கே பகலைக் கொண்டுவந்து கொட்டினால் ஓட்டல் வரவேற்பறை போல ஆகிவிடும்.

நேரத்தைத் தேர்வதில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு உண்டு. காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சிக்கு நேர்மேலே நிற்கிறது. கடிகாரத்தில் அது 12.15 மணியை ஒட்டி வரும். சித்திரை பிறக்கும் அந்த நாட்களில் வளவின் நடுவில் வெயில் ஒரு கட்டமாக விழுந்து, தூண்களின் நிழல் தூண்களுக்குள்ளேயே ஒடுங்கிவிடும். வளவை மட்டும் எடுக்க வேண்டுமானால், ஆண்டின் இந்த இரண்டு சமயங்களைத் தவிர வேறு எந்த நாளிலும் கிடைக்காத படம் அது. முகப்பை எடுக்க அதைவிட மோசமான வேளை கிடையாது. முகப்பின் சுதை வேலைப்பாடு சாய்ந்த வெயிலில்தான் உயிர்பெறும் என்பதால், வாசல் எந்தத் திசை நோக்கியிருக்கிறது என்று பார்த்து, கிழக்கானால் காலை ஏழு மணிக்கும் மேற்கானால் மாலை ஐந்து மணிக்கும் வர வேண்டும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. புகைப்படப் பாடங்கள் பலவும் “வடக்குச் சன்னலின் ஒளி நாள் முழுவதும் மாறாது, நேர்வெயில் விழாது” என்று சொல்லும். அது ஐரோப்பாவில் பிறந்த அறிவுரை. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கிலேயே இருப்பதால், அங்குள்ள புகைப்படக்காரர் அதே மாறாத ஒளிக்குத் தெற்குச் சன்னலைத் தேடுகிறார். நம் நிலை இரண்டும் கெட்டான். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஆடி மாதத்தில் வடக்குச் சன்னலை நம்பி ஒரு ஆச்சியை உட்கார வைத்துவிட்டு, முகத்தில் கம்பி நிழல் விழுவதைப் பார்த்து விழிக்க வேண்டாம்.

வீட்டின் நீளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் இங்கே பல. முன்வாசல் நிலையில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நிலைக்குள் நிலையாகப் பின்வாசல் வரை தெரியும். இந்தப் படத்தை எல்லோரும் எடுக்கிறார்கள், ஆனால் பலர் அகலக் கோண லென்ஸைப் போட்டு அதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 16 மி.மீ. லென்ஸில் முதல் நிலை பூதாகரமாகவும் கடைசி வாசல் கடுகாகவும் ஆகிவிடும். 50 மி.மீ. லென்ஸைப் போட்டுத் தெருவுக்குப் பின்வாங்கினால் நிலைகள் ஒன்றையொன்று நெருங்கி, வீட்டின் ஆழம் ஒழுங்காகத் தெரியும். கேமரா மட்டமாக நிற்பது முக்கியம். சற்றே அண்ணாந்தாலும் தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். குமிழ்மட்டம் பார்த்து, நெஞ்சு உயரத்தில் முக்காலியை வைத்தால் போதும்.

பளபளப்பு இன்னொரு சிக்கல். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து இழைத்த சுவர் கண்ணாடி போல எதிரொளிக்கும். ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் தரை ஓடான ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். போலரைசர் வடிகட்டியைத் திருப்பிப் பளபளப்பைப் பாதியாகக் குறைக்கலாம், முழுவதும் எடுத்துவிட்டால் சுவர் செத்துப்போகும். வண்ணக் கண்ணாடிச் சன்னல் வழியே சிவப்பும் பச்சையும் தரையில் விழும் இடங்களில் ஒளியின் நிறத்தைச் சரிசெய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் தடுமாறும் என்பதால், பகலொளி அளவில் அதை நிலைநிறுத்திவிட வேண்டும். மஞ்சள் குண்டு பல்புகளை அணைத்துவிடுவது நல்லது. பழைய ஒயரிங் உள்ள வீட்டில் பெரிய ஸ்டுடியோ விளக்குகளைச் செருகவே கூடாது.

ஆத்தங்குடியில் கல் போடுபவர்களை எடுக்க விரும்புகிறவர்கள் ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறவைக்கிறார்கள். அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடியில்தான் படம் இருக்கிறது. ஒரு கல்லுக்கு ஒரு முறைதான் அது நடக்கும், ஆனால் அடுத்த கல் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். ஆகையால் முதல் பத்துக் கற்களைப் படமெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்து, கை எந்தப் பக்கம் உயர்கிறது என்று தெரிந்துகொண்டு கேமராவை எடுப்பது புத்திசாலித்தனம். அவர்கள் கூலிக்கு வேலை செய்பவர்கள். “இன்னொரு தடவ தூக்குங்கண்ணே” என்று கேட்டு வேலையை நிறுத்துவது அவர்கள் வருமானத்தில் கை வைப்பதாகும்.

கோயில்களில் மூலவரை எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ட்ரோன் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். கூரை ஓட்டு வரிசைகளை மேலிருந்து காட்ட வேண்டுமென்றால், அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவரை நாள்கூலிக்கு அழைத்துக்கொள்வதே மலிவு.

இனிக் காசு. நாள் கட்டணத்தைப் பக்கத்து ஸ்டுடியோக்காரரைப் பார்த்து வைக்காமல் தன் செலவிலிருந்து கணக்கிட வேண்டும். கேமராவும் லென்ஸ்களும் 4 லட்சம் ரூபாய், அவை ஐந்தாண்டு உழைக்கும், ஆண்டில் 80 நாள் வேலை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், கருவியின் தேய்மானம் மட்டுமே நாளொன்றுக்கு 1,000 ரூபாய். அதன்மேல் பயணம், எடிட்டிங் செய்யும் இரண்டு நாள், வேலை இல்லாத மாதங்கள் எல்லாம் ஏற வேண்டும். பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் தேதியை உறுதிசெய்யக் கூடாது.

கட்டணத்தைவிட உரிமையில்தான் நாம் அதிகம் இழக்கிறோம். ஒரு தங்கும் விடுதி தன் இணையதளத்துக்கென்று என்னிடம் படம் கேட்டது. எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டாண்டு கழித்து அதே வளவுப் படம் ஒரு மசாலாப் பொட்டலத்தின் மேல் இருந்தது. வழக்கறிஞர் ஒருவரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகக் காசு வாங்கி எடுத்த புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரையே முதல் உரிமையாளராக ஆக்குகிறது. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. இரண்டு நாடுகளும் ஒரே பிரிட்டிஷ் சட்ட மரபிலிருந்து வாங்கிய பழக்கம் இது. ஆகவே “பதிப்புரிமை புகைப்படக்காரருக்கே, இன்ன பயனுக்கு, இத்தனை ஆண்டுக்கு, இன்ன நாடுகளில் பயன்படுத்த அனுமதி” என்ற ஒரு வரியை விலைப்புள்ளியிலேயே எழுதி, வாடிக்கையாளரின் கையெழுத்தை வேலை தொடங்கும் முன் வாங்கிவிட வேண்டும். வேலை முடிந்த பின் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

படக்குறிப்பு எழுதுவதை இங்கே யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. தென்னாப்பிரிக்கரான டேவிட் கோல்ட்பிளாட் (1930–2018) இதில் நமக்கு நல்ல வழிகாட்டி. தந்தையின் துணிக்கடையை விற்றுவிட்டு 1963 முதல் முழுநேரப் புகைப்படக்காரரானவர். கடையை விற்ற வணிகர் வீட்டுப் பிள்ளை என்பதால் நம் ஊர்க்காரருக்கு அவர் கதை உடனே புரியும். தம் நாட்டின் வீடுகளையும் தேவாலயங்களையும் நினைவுச்சின்னங்களையும் பல ஆண்டுகள் எடுத்த அவர், படத்தின் கீழே இடத்தையும் தேதியையும், பல படங்களுக்கு அந்தக் கட்டடத்தின் கதையையும் சேர்த்தே எழுதினார். செட்டிநாட்டில் அதற்கான அவசரம் கூடுதல். இன்று எடுக்கும் வளவு அடுத்த ஆண்டு பிரிக்கப்பட்டு, அதன் தேக்குத் தூண்கள் காரைக்குடி பழம்பொருள் கடையில் நிற்கலாம். “செட்டிநாட்டு வீடு” என்று மட்டும் பெயரிட்ட கோப்பு அப்போது யாருக்கும் பயன்படாது. ஊர், தெரு, வீட்டின் விலாசப்பெயர் (அந்தக் குடும்பம் அறியப்படும் பெயர்), தேதி, எந்தக் கட்டு, எந்தத் திசை என்று அன்றிரவே எழுதிவிட வேண்டும். கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் நல்ல தாளில் இரண்டு பிரதிகள் போட்டுக்கொண்டு அதே வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்று கையெழுத்துப் போட்ட பெரியவருக்கு, மற்றொன்று காவல்காரருக்கு. காவல்காரருக்கான பிரதியில் அவரும் இருக்கட்டும், திண்ணையில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்தபடி. பக்கத்துத் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவி யாரிடம் என்று அப்போது கேட்டால், பெரும்பாலும் அவர் கூடவே எழுந்து வருவார்.